வேதசிரோமணி வண்டியில் ஏறியவர்கள்

மனிதர்களை ஏற்றச் சொன்னது சாராள்தான்.

அவள் கணவர் வேதசிரோமணி தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் நடுவே ஓடும் மின்சார ரயிலில் மோட்டார்மேன். சாராள் சேலையூரில் ஓர் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். கேம்ப் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் ஓட்டு வீடு. பிள்ளைகள் இல்லை. இரண்டு பேருமே அதிகம் பேசாதவர்கள். அப்படி இருந்தும் ஒத்துப்போனார்கள்.

1962-இல் அவரோடு வேலை பார்த்த ஓர் ஆங்கிலோ-இந்தியர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறும்போது, தகரத்தில் செய்த விளையாட்டு ரயில் பெட்டி ஒன்றை வேதசிரோமணியிடம் கொடுத்துவிட்டுப் போனார். வெளியே ஜன்னல், கதவு எல்லாம் அச்சாக வரைந்திருந்தது. வேதசிரோமணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ளே ஒண்ணுமே இல்லாம இது என்ன வண்டி?" என்றார்.

அந்த வாரமே ஒட்டுப்பலகையும் பிஸ்கட் டின் தகரமும் வாங்கி வந்து தாமே பெட்டி கட்ட ஆரம்பித்தார். தினமும் தாம் ஓட்டுகிற வண்டியின் பெட்டி. ஒன்றரை முழ நீளம். கூரையைத் தனியாகத் தூக்கி எடுக்கலாம். வெளிப்பக்கத்துக்கு அவர் இரண்டு மாதம்தான் செலவழித்தார். உள்பக்கத்துக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. பெஞ்சுப் பலகைக்கு ஐஸ் குச்சியை நீளவாக்கில் சீவினார். பிடித்துக்கொண்டு நிற்கும் கைப்பிடிகளுக்குச் சாராளின் பழைய பர்ஸிலிருந்து தோல் வார். மின்விசிறி இறக்கைக்குப் பற்பசை டியூபின் தகடு. முதல் வகுப்பு மெத்தைக்கு வேண்டிய ரெக்ஸின் துண்டைச் சாராளே தையல்காரரிடம் கேட்டு வாங்கி வந்து, பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தாள். "புகை பிடிக்காதீர்" என்ற அறிவிப்பை, பள்ளிக்கூடத்துச் சிவப்பு மையில், ஒற்றை மயிர்த் தூரிகையால் எழுதியதும் அவள்தான். அபாயச் சங்கிலியை எந்த இடத்தில் மாட்டுவது என்று இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாதாடினார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

1964-இல் பெட்டி முடிந்தது. கூரையைத் தூக்கி உள்ளே பார்த்தாள் சாராள். எல்லாம் இருந்தது. ஆனாலும் ஏதோ வெறிச்சென்று இருந்தது.

"ஆளில்லாம நிக்குதேங்க வண்டி. நாலு பேரை ஏத்துங்களேன்" என்றாள்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு கொல்லைப்புறம் போய்க் கல்யாண முருங்கையில் ஒரு கிளையை வெட்டினார்.

அந்த மாதத்துக்குள் மூன்று பொம்மைகள் வந்தன. விரல் நீளம் ஒவ்வொன்றும். குடை வைத்த ஒரு பெரியவர், கூடைக்காரி ஒருத்தி, தலையில் துண்டு கட்டிய ஒரு கூலியாள். முகத்தைப் பேனாக் கத்தியால் செதுக்கினார். உடுப்பு சாராளின் பொறுப்பு. என்ன நிறம், எந்த இடத்தில் கிழிசல், எத்தனை பித்தான் என்று அவர் சொல்வார், அவள் தைப்பாள். எவ்வளவு நுணுக்கமாகக் கற்பனை செய்கிறார் மனுஷன் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை.

அதற்கப்புறம் பொம்மைகள் ஒழுங்கில்லாமல் வந்தன. ஆறு மாதம் ஒன்றும் இருக்காது. திடீரென்று ஒரே மாதத்தில் இரண்டு வரும். பெட்டியும் ஒன்று மூன்றாயிற்று. 1971-இல் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நீண்ட காலம் யாரும் வராவிட்டால் சாராள் கேலி செய்வாள்: "என்ன, இந்த மாசம் உங்க வண்டியில யாரும் ஏறலையா?"

அவர் சிரித்ததில்லை. சுபாவமே அப்படி என்று அவள் விட்டுவிடுவாள்.

அந்த வருஷம் நவம்பரில் சபையின் அறுப்பின் பண்டிகை வந்தது. காய்கறியும் கோழியும் பலகாரமும் காணிக்கையாக வந்து ஏலம் போகும் நாள். பின்னால் இருக்கும் ஹாலில் பெண்கள் கைவேலைக் கண்காட்சி வைப்பார்கள். வேதசிரோமணி காலை டியூட்டிக்குப் போனதும் சாராள் மூன்று பெட்டிகளையும் துணியில் சுற்றி, ரிக்ஷாவில் ஏற்றிக் கொண்டுபோய் ஹாலில் மேஜைமேல் வைத்தாள். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார். இவ்வளவு அழகான வேலையை ஒன்பது வருஷமாக நாலு சுவருக்குள் பூட்டி வைத்திருக்கிறாரே, ஊர் பார்க்கட்டும் என்று நினைத்தாள். எல்லோரும் உள்ளே பார்க்கும்படி மூன்று கூரைகளையும் கழற்றி வைத்தாள்.

கூட்டம் மொய்த்தது. ஆயர்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

பகல் சாப்பாட்டுக்கு வாழையிலை கொண்டுவந்தவள் கங்கம்மா. கேம்ப் ரோட்டு முனையில் இலையும் கீரையும் விற்கிறவள்; முப்பது வயதிருக்கும். இலைக்கட்டை இறக்கி வைத்துவிட்டு அவளும் மேஜைப் பக்கம் வந்தாள்.

"ஐய, இன்னா அழகா கீது! பெஞ்சி கீது, பேனு கீது. பாரேன், சங்கிலிகூட கீது!" ஒவ்வொன்றாக விரலை நீட்டிக்கொண்டே வந்தாள். இரண்டாவது பெட்டியில், ஜன்னல் ஓரம், அந்த விரல் நின்றது.

மார்புக்குக் குறுக்கே சைக்கிள் டயரை மாட்டியிருந்த ஒருவன் அங்கே உட்கார்ந்திருந்தான். மஞ்சள் சட்டை.

"டீச்சரம்மா, இத்த யாரு செஞ்சது?"

"எங்க வீட்டுக்காரர்தான். ஏன்?"

"இது என் வூட்டுக்காரன்."

சாராளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "டயர் மாட்டிக்கிட்டு எத்தனையோ பேர் போறாங்க, கங்கம்மா."

"ஒரு கால்ல செருப்பு இல்ல பாரு. அன்னிக்கு ஆஸ்பத்திரியில ஒத்தச் செருப்போடத்தான் குடுத்தாங்க." அவள் குரல் ஏறவே இல்லை. அதுதான் சாராளைப் பயமுறுத்தியது. "சட்ட பாக்கெட்டப் பாரு. கிழிஞ்சிருந்துச்சி. ஊட்ல மஞ்ச நூலு இல்ல. பச்ச நூல்ல நான் தச்சேன்."

சாராள் குனிந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. மஞ்சள் சட்டைக்கு ஏன் பச்சை நூல், நன்றாக இருக்காதே என்று தானே கேட்டது நினைவு வந்தது. "பச்சைதான். பச்சைதான் வேணும்" என்று வேதசிரோமணி சொன்னதும் நினைவு வந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வெளியே முற்றத்தில் யாரோ ஒரு பெரிய பூசணிக்காயை ஏலம் கூவிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல் இருந்தது.

"ரயில்ல அடிபட்டுப் போனவன இவருக்கு எப்டித் தெரியும்?" என்றாள் கங்கம்மா.

அந்தச் சமயத்தில்தான் வேதசிரோமணி ஹாலுக்குள் வந்தார். வீடு பூட்டியிருந்ததைப் பார்த்து டியூட்டி உடுப்போடு நேரே வந்திருந்தார். மேஜையைப் பார்த்தார். கூரையில்லாத பெட்டிகளைப் பார்த்தார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

கங்கம்மா அந்த வெள்ளை உடுப்பை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீதான் ஓட்டினியா?"

"ஆமாம்மா" என்றார் அவர்.

கங்கம்மா பெட்டிக்குள் கையை விட்டு அந்தப் பொம்மையைப் பிடித்து இழுத்தாள். பசை பிடித்திருந்தது. இன்னொரு முறை இழுத்தாள். பெஞ்சுப் பலகை ஒன்றும் சேர்ந்து பிய்ந்துகொண்டு வந்தது. அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். அவள் கொண்டுவந்த இலைக்கட்டு அவிழ்க்கப்படாமல் அங்கேயே கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் சாராள் கதவைச் சாத்தினாள்.

"மத்தவங்க?" என்றாள். "அந்தப் பெரியவர், கூடைக்காரி... எல்லாருமா?"

"எல்லாரும்தான்."

"பதினோரு பேருமா?"

"முதல் மூணு பேர் நீ சொல்றதுக்கு முன்னாடியே போனவங்க. எங்க வைக்கிறதுன்னு தெரியாம இருந்தேன். நீ ஆளை ஏத்தச் சொன்னே." அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "குறுக்கே வந்துடறாங்க, சாரா. ரயில் உடனே நிக்காது. கார்டும் நானும் இறங்கிப் பார்ப்போம், அவர் எழுதிக்குவார். அடுத்த ஸ்டேஷன்ல சொல்லிட்டு நான் வண்டியை எடுத்துடணும். பின்னால பெட்டி நிறைய ஜனம் ஆபீசுக்குப் போகணுமே. அவங்களை மட்டும் அங்கயே விட்டுட்டு வரேன். அதான்..."



சாராள் எழுந்து சமையலறைக்குப் போனாள். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றாள். சில நாள் அவர் வீட்டுக்குள் நுழையாமல் நேரே கிணற்றடிக்குப் போய் உடுப்போடு தண்ணீர் ஊற்றிக்கொள்வார். வெயில் என்று நினைத்திருந்தாள். அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் "ஊதா நிறத்தில் ஒரு சேலை தைக்கணும்" என்பார். அவளும் ஆசை ஆசையாகத் துணி தேடுவாள். *இந்த மாசம் யாரும் ஏறலையா?* எத்தனை தடவை கேட்டிருப்பாள்! சிரித்துக்கொண்டல்லவா கேட்டாள்! சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு நாள் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் கங்கம்மா வந்தாள். போலீஸோடு வருவாள், ஆட்களோடு வருவாள் என்றெல்லாம் சாராள் நடுங்கிக்கொண்டிருந்தாள். தனியாகத்தான் வந்தாள். முந்தானையில் பொம்மை முடிந்திருந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"சார், ஒண்ணு கேக்கணும். நெஜத்தச் சொல்லு. அவன் வுழுந்தானா?"

வேதசிரோமணிக்குப் புரியவில்லை. "என்னம்மா?"

"நாலு வருசமா ஊரே சொல்லுது, ரயில்ல வுழுந்துட்டான், ரயில்ல வுழுந்துட்டான்னு. அன்னிக்குக் காத்தால எனக்கும் அவனுக்கும் சண்ட. எங்கனா போய்ச் சாவுன்னு சொல்ட்டேன். வாய் தவறி சொல்ட்டேன். மாமியா அன்னிக்கே என்னையும் புள்ளைங்களையும் வெளிய தள்ளிட்டா. 'எம்புள்ளைய முழுங்கினவ'ன்னு இன்னிக்கும் தெருவுல மண்ணத் தூத்துறா." மூச்சு வாங்கிக்கொண்டாள். "சாவப் போறவன் சைக்கிளுக்கு டயரு வாங்குவானா சார்? அத்தக் கேட்டா யாரும் பதில் சொல்ல மாட்றாங்க. நீதான் பாத்த. நீ சொல்லு."

வேதசிரோமணி நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"விழலைம்மா" என்றார். "அய்யோ, அவர் விழவே இல்லை. நான் அன்னிக்கே எழுதிக் கொடுத்தேனே! உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

"யாரு சொல்லுவா எனக்கு?"

அவர் சொன்னார். ஏழு வருஷத்துப் பொம்மைகளில் ஒன்றைப் பற்றிக்கூடச் சாராளிடம் சொல்லாதவர், அன்று எல்லாவற்றையும் சொன்னார். குரோம்பேட்டையைத் தாண்டி, ஜனங்கள் குறுக்கே நடந்து நடந்து பாதையாகிப் போன இடம். பாதி தூரம் கடந்துவிட்டவன் நின்றான். செருப்பு தண்டவாளத்துக்கும் மரக்கட்டைக்கும் இடையே மாட்டிக்கொண்டது. கால் வெளியே வந்துவிட்டது. செருப்பு வரவில்லை.

"புதுச் செருப்பு" என்றாள் கங்கம்மா. "பொங்கலுக்கு வாங்கினான். பொத்திப் பொத்தி வெச்சிருந்தான்."

"குனிஞ்சு இழுத்தார். நான் ஹாரன்லேருந்து கையை எடுக்கவே இல்லை. முழு பிரேக் போட்டுட்டேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்த்துட்டு..." வேதசிரோமணி தம் வலது கையை உயர்த்தி, உள்ளங்கையை எதிரே காட்டினார். "இப்படிக் காட்டினார். ஒரு நிமிஷம் இருன்னு பஸ்ஸை நிறுத்துவாங்களே, அந்த மாதிரி. சாகணும்னு வந்தவர் அப்படிச் செய்வாராம்மா? நான் நிறுத்திடுவேன்னு நம்பினார்."

கங்கம்மா அந்த உயர்ந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெல்லத் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா, என்ன செய்கிறாள் என்றே தெரியவில்லை. சாராள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவள் முதுகில் கையை வைத்தாள்.

வெகு நேரம் கழித்து, "இத்த எங்க மாமியாகிட்ட வந்து சொல்லுவியா சார்?" என்றாள் கங்கம்மா.

மறுநாளே போனார்கள். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஏரிக்கரைப் பக்கம் குடிசை. மாமியார் எல்லம்மா முறத்தைப் போட்டுவிட்டுச் சண்டைக்கு எழுந்தாள். தெருவே கூடிவிட்டது. அத்தனை பேருக்கும் நடுவில் நின்று வேதசிரோமணி மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னார். கையை உயர்த்திக் காட்டினார். எல்லம்மா வைத்த கண் வாங்காமல் கேட்டாள். அவர் முடித்ததும், "எம்புள்ள உன்ன நம்பினானா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"நீ நிறுத்தலியே."

"நிறுத்த முடியலைம்மா."

அந்தக் கிழவி பளாரென்று அவர் கன்னத்தில் அறைந்தாள். சாராள் அலறிக்கொண்டு குறுக்கே போனாள். வேதசிரோமணி அவளைக் கையால் தடுத்துவிட்டு அங்கேயே நின்றார். எல்லம்மா அடுத்தபடி மருமகள் பக்கம் திரும்பினாள். அவளையும் அடிக்கப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"புள்ளைங்க எங்க?" என்று கேட்டாள். "இட்டாந்து வுடு."

வீட்டுக்குத் திரும்பும்போது வேதசிரோமணி, "மத்தவங்க வீட்டுலயும் இப்படித் தெரியாம இருக்குமா?" என்றார். அந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. விசாரணைகளில் கேட்டுக் கேட்டுப் பதினோரு பேரின் பெயரும் அவருக்கு மனப்பாடம். ஊர் தெரியும், தெரு பெரும்பாலும் தெரியும். ஓய்வு நாட்களில் ஒவ்வொருவராகத் தேடிப் போனார்கள். தனியாக விட மனமில்லாமல் சாராளும் கூடவே போனாள். ஒரு வீட்டில் ஆட்கள் காலி செய்துகொண்டு போயிருந்தார்கள். ஒரு வீட்டில், யாரென்று சொன்னதுமே கதவைச் சாத்தினார்கள். கூடைக்காரியின் மகள் மோர் கொடுத்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இனிமேல் வர வேண்டாம் என்று கைகூப்பினாள்.

ஊதாச் சேலைக்காரியின் வீடு குரோம்பேட்டையில். அவள் பெயர் புஷ்பம், இருபத்திரண்டு வயது. தகப்பனார் தேவானந்தம், ரிட்டையரான கம்பவுண்டர். அவர் அவர்களை உட்கார வைத்தார். சுவரில் மகளின் படம் மாலையோடு இருந்தது. படத்தில் அவள் தடித்த மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள்.

வேதசிரோமணி வாயைத் திறப்பதற்குள் அவர் கையமர்த்தினார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். அவ கண்ணாடி போட்டிருந்தாளா?"

வேதசிரோமணி தரையைப் பார்த்தார். "போட்டிருக்கலைங்க."

"நினைச்சேன்." அந்த மனிதர் நாற்காலியில் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டார். "கண்ணாடி இல்லேன்னா பத்தடி தள்ளி யானை நின்னாலும் தெரியாது அவளுக்கு. வண்டி வர்றது தெரிஞ்சிருக்காது, பாவம். நான் அவங்க அம்மாகிட்ட அப்பவே சொன்னேன்." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: "கேட்டியா? கண்ணாடி போட்டிருக்கலையாம்!"

தெருவுக்கு வந்ததும் சாராளுக்கு மனம் லேசானது போல் இருந்தது. "நல்லவேளை, அதையாவது சொல்ல முடிஞ்சுது" என்றாள்.

வேதசிரோமணி நடையை நிறுத்தவில்லை. "மடக்கிக் கையில வெச்சிருந்தா" என்றார்.

நடுத்தெருவில் சாராளின் கால்கள் நின்றுவிட்டன. அவர் நாலடி போய்த் திரும்பிப் பார்த்தார். ஒரு மாட்டு வண்டிக்காரன் அவளை விலகச் சொல்லி அதட்டினான். அவள் காதில் அது விழவில்லை.

அதுதான் அவர்கள் கடைசியாகப் போன வீடு. அதற்கப்புறம் வேதசிரோமணி யாரையும் தேடிப் போகவில்லை. அடுத்த வாரம் சாராள் அவருக்குப் பதிலாகத் தானே உட்கார்ந்து ஒரு விண்ணப்பம் எழுதினாள்: இவரால் இனி ஜனங்களோடு வண்டி ஓட்ட முடியாது, வேறு எந்த வேலையானாலும் சரி. அவர் கையெழுத்துப் போட மறுத்தார். இரண்டு வருஷம் மறுத்தார். அந்த இரண்டு வருஷத்தில் இன்னொருவரும் போனார். அன்று கிணற்றடியில் சத்தம் கேட்டதும் சாராள் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அவர் தலையில் அவளே தண்ணீரை ஊற்றினாள். பொம்மை செய்யட்டுமா என்று அவர் கேட்கவில்லை, செய்யவும் இல்லை. தலையைத் துவட்டிக்கொண்டே, "அந்தக் காகிதத்தைக் கொண்டா" என்றார்.

1974-இல் அவரைத் தாம்பரம் ஷெட்டுக்கு மாற்றினார்கள். பழுது பார்த்து முடித்த வண்டிகளை ஷெட் எல்லைக்குள் மெல்ல ஓட்டிச் சோதிக்கிற வேலை. சம்பளம் குறைந்தது, தூக்கம் வந்தது. கங்கம்மா எப்போதாவது கீரையோடு வந்து வாசலில் நின்று பேசிவிட்டுப் போவாள். பொம்மையை அவள் திருப்பித் தரவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

வேலை மாறிய மறு வருஷம், மாம்பழக் காலம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று ஷெட் பூனை ஒன்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அது போர்மன் நாற்காலியில் குட்டி போட்டுவிட்டதாம். அந்தப் பெரிய மனிதர் நாலு நாளாக நின்றுகொண்டே கையெழுத்துப் போடுகிறாராம். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்து, புரையேறி, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

தண்ணீர் எடுக்கப் போன சாராள் சொம்பும் கையுமாக அப்படியே நின்றாள். இவர் சிரித்தால் இப்படியா இருக்கும்! இருபத்தேழு வருஷம் குடித்தனம் செய்தும் அந்தச் சத்தத்தை அவள் கேட்டதே இல்லை.

"குட்டி எத்தனை?" என்று கேட்டாள்.